கவுண்டரில் இருந்த அக்கா

1

இந்த வைகாசியோடு நான் பம்பாய்க்கு வந்து முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. மும்பை என்று எழுதுவதுதான் சரி. ஆனால் வாய் இன்னும் பம்பாய் என்றுதான் சொல்கிறது, விட்டுவிடுங்கள். ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்களுக்கு இரண்டு கேள்விகள் எப்போதும் தயாராக இருக்கும். தாராவியில் எப்படித்தான் இருக்கிறீர்கள் என்பது முதல் கேள்வி. இடித்துவிட்டுப் புது வீடு கட்டித் தருகிறார்களாமே, உங்களுக்கு உண்டா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு, நீங்கள் இருப்பதுபோலத்தான் என்பேன். இரண்டாவதற்கு எனக்கே பதில் தெரியாது. கதவில் ஒரு நம்பர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். ரேஷன் கார்டு, கரண்ட் பில், பழைய வாடகைச் சீட்டு என்று ஒரு பை நிறையக் காகிதங்களுடன் நாங்களும் வரிசையில் நிற்கிறோம்.

ஊர்க்காரர்கள் படிக்கும்படி ஏதாவது எழுது, உனக்குத்தான் கையெழுத்து நன்றாக வருமே என்று என் தம்பி பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ரயில் கூட்டத்தைப் பற்றியும், மாட்டுங்காவில் கிடைக்கும் கறிவேப்பிலையைப் பற்றியும் எழுதச் சொல்கிறான். அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றி. அது ஒரு நாடகத்தில் வந்து என் எதிரே நின்றது.

கல்யாணமாகி வரும்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். எங்கள் சந்தில் அது பெரிய படிப்பு. வீட்டுக்காரர் தோல் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். இரண்டு வருஷத்தில் இந்தி பேசப் பழகினேன், மராத்தி புரிய ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்த ஒரு சின்ன நர்சிங் ஹோமில் கவுண்டரில் உட்காரத் தமிழ் தெரிந்த பெண் வேண்டும் என்றார்கள். போனேன். பதினேழு வருஷம் அந்த நாற்காலியில் இருந்தேன். இப்போது அந்த நர்சிங் ஹோம் இல்லை. அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது.

எனக்கு அந்த வேலையில் ஒரு பெருமை இருந்தது. அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. பாஷை தெரியாமல் முழித்துக்கொண்டு வருகிற நம்மூர்ப் பெண்களுக்கு என் குரல்தான் முதல் ஆறுதல். ஒருத்தி வந்து நின்றதும் நான் கேட்பது பெயரை அல்ல. "எந்தூரு?" என்றுதான் கேட்பேன். வள்ளியூர் என்பாள், களக்காடு என்பாள். முகம் மலர்ந்துவிடும். யார் வீடு, யாருக்கு வாக்கப்பட்டிருக்கிறாய் என்று இழுத்தால் மூன்றாவது கேள்வியில் ஏதாவது ஒரு சொந்தம் வந்துவிடும். பெஞ்சில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பேன்.

என்னிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. அதில் ஊர்ப் பெயர்களும் எதிரே போன் நம்பர்களும் இருக்கும். இங்கே ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சங்க அறையோ, பலசரக்குக் கடையோ, மெஸ்ஸோ உண்டு. அங்கே சொன்னால் அந்த ஊர் ஆள் மும்பையில் எந்த மூலையில் இருந்தாலும் அரை மணியில் சேதி போய்விடும். பிரசவத்துக்கு ரத்தம் வேண்டுமென்றால், கூட இருக்க ஆள் வேண்டுமென்றால் அந்த நோட்டைத்தான் எடுப்பேன். டாக்டரம்மாகூட, செல்வி இருந்தால் ஆம்புலன்ஸே வேண்டாம் என்று சிரிப்பார்.

2

என் மகள் அனிதா செம்பூரில் தனியாக இருக்கிறாள். கல்யாணம் செய்யவில்லை. அதைப் பற்றி ஊரில் பேசுகிறவர்கள் பேசட்டும், நான் பேசி ஓய்ந்துவிட்டேன். பெண்களுக்கான ஒரு அமைப்பில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வருவாள், மீன்குழம்பு சாப்பிடுவாள், மூன்று மணிக்கு பஸ் பிடித்துவிடுவாள். எங்களிடம் தமிழில் தொடங்கி இந்தியில் முடிப்பாள். அவள் சண்டை போடுவதெல்லாம் இந்தியில்தான், அதனால் பாதிச் சண்டையில் எனக்குச் சரியாகப் பதில் வராது. தமிழ் படிக்கத் தெரியாது. சின்ன வயதில் சொல்லிக் கொடுக்க நேரமில்லாமல் போயிற்று. கவுண்டரில் ஊரார் பிள்ளைகளுக்கு மருந்துச் சீட்டு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன் அல்லவா, அதுதான்.

போன வருஷம் மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் அவளே போன் செய்தாள். உதவி வேண்டும் என்றாள். என் மகள் என்னிடம் உதவி கேட்டது பத்து வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

விஷயம் இதுதான். தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப் குடியிருப்பில் உள்ள தையல் வகுப்புப் பெண்களை வைத்து அவள் நாடகம் போடுகிறாள். கருக்கலைப்பைப் பற்றி. அந்த வார்த்தையைக் கேட்டு நீங்கள் நெளிவது எனக்குத் தெரிகிறது. அங்கேயும் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. "கழுவிட்டு வந்தேன்" என்பார்கள், இல்லையென்றால் இந்தியில் "சஃபாய்" என்பார்கள், ஏதோ வீட்டைப் பெருக்கியதுபோல. எல்லாரும் செய்ததுதான், ஆனால் யாரும் பேசியதில்லை.

பேசவைக்க அனிதா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். தையல் வகுப்பில் ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்தாள். யார் வேண்டுமானாலும் பெயர் போடாமல் தன் கதையை எழுதிப் போடலாம். யார் எழுதியது என்று யாரும் கேட்கக் கூடாது. ஒருத்தி கதையை இன்னொருத்திதான் நடிக்க வேண்டும். பார்க்க வருகிற கூட்டத்தில் புருஷன் இருப்பான், மாமியார் இருப்பாள், பிள்ளைகள் இருப்பார்கள். எவள் கதை எவள் வாயில் வருகிறது என்று யாருக்கும் தெரியாது. எழுதத் தெரியாதவர்களின் கதை மட்டும் டப்பாவுக்கு வரவேயில்லை. பிள்ளைகளிடம் சொல்லி எழுதவைக்கிற கதையா அது?

டப்பா நிறைந்தது. ஆனால் எல்லாம் தமிழில் இருந்தது. மகளுக்குப் படிக்க வரவில்லை. வகுப்புப் பெண்களிடம் கொடுத்தால் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே வெளி ஆள் ஒருத்தி வேண்டும்.

"நீ வாசி, நான் எழுதிக்கிறேன். கமெண்ட் பண்ணக் கூடாதும்மா, ஜஸ்ட் வாசி" என்றாள்.

3

செம்பூரில் அவள் வீட்டுக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாசித்தேன். அவள் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை மடிக்கணினியில் தட்டிக்கொண்டே வந்தாள். நோட்டுத் தாள், காலண்டர் தாள், துணிக்கடைப் பையின் கிழிசல் என்று விதவிதமாக இருந்தன. மாத்திரையை ஆள் விட்டு வாங்கித் தின்று ரயிலிலேயே ரத்தப்போக்கு வந்த கதை ஒன்று. பொண்ணு என்று எப்படியோ தெரிந்து மாமியார் கூட்டிப்போன கதை ஒன்று. பதினேழு வருஷம் கவுண்டரில் இருந்தும் இவ்வளவு தெரியாமல் போயிற்றே என்று நினைத்தேன். அப்போதும் என்னை நல்லவள் வரிசையில்தான் வைத்திருந்தேன்.

அப்புறம் கோடு போட்ட தாளில் நீல மையில் ஒரு கதை வந்தது. நுணுக்கி எழுதிய கையெழுத்து.

இரண்டு பிள்ளைகளுக்கு அப்புறம் மூன்றாவது தங்கிவிட்டது. அங்கன்வாடியில் உதவியாளர் வேலைக்குச் சொல்லியிருந்தார்கள், அடுத்த மாதம் சேர வேண்டும். வேண்டாம் என்று அவளே முடிவு செய்தாள். தெரிந்தவர் கண்ணில் படக் கூடாது என்று அப்போது குடியிருந்த கல்யாண் புறநகரிலிருந்து இரண்டு ரயில் மாறித் தாராவிக்கு வந்தாள். அதற்குப் பிறகு அவள் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்:

"கவுண்டர்ல இருந்த அக்கா நம்ம தமிழ் பேசினாங்க. எனக்கு அழுகையே வந்துட்டு. எந்தூருன்னு கேட்டாங்க. வாய் தவறிச் சொல்லல, சந்தோசத்துல சொன்னேன். டீ வாங்கித் தந்தாங்க. வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்னாங்க. அவரு வெளியூர்ல இருக்காருன்னு பொய் சொன்னேன். நீ கவலப்படாத, நான் பாத்துக்கிடுதேன்னு ஒரு நோட்டை எடுத்து போன் போட்டாங்க. அரை மணி நேரத்துல எங்க கொழுந்தன் வாசல்ல நிக்காரு."

குரல் நின்றுவிட்டது. "மா, ஆகே?" என்றாள் அனிதா, திரையைப் பார்த்தபடியே. மேலே என்ன என்று கேட்கிறாள்.

நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். அந்தப் பத்தியை விழுங்கினேன். நர்சிங் ஹோமில் கையெழுத்து கேட்டார்கள், அவள் திரும்பிப் போய்விட்டாள் என்று நானாக ஒரு வரி சொன்னேன். அக்கா இல்லை, டீ இல்லை, நோட்டு இல்லை. மகள் தட்டினாள். அடுத்த தாளை எடுத்தேன். இந்த வயதில், பெற்ற பிள்ளையின் எதிரே உட்கார்ந்துகொண்டு, ஒருத்தி வாழ்க்கையில் நான் இருந்த பக்கத்தைக் கிழித்தேன்.

அன்று வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அந்தப் பெண்ணின் முகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். வரவில்லை. ஒரே ஒரு போன் செய்திருந்தால் முகம் வந்திருக்கும். அந்த நோட்டை எடுத்து அப்படி எத்தனை போன் செய்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. புருஷன்மார் வந்து கையெழுத்துப் போட்டு, காரியம் முடிந்து, போகும்போது எனக்குக் கும்பிடு போட்டதெல்லாம் நினைவில் இருந்தது. வாசலிலேயே கையைப் பிடித்துக் கூட்டிப் போனவர்களும் உண்டு. குடும்பத்தோடு பேசி முடிவெடுக்கிறார்கள், நல்லதுதானே என்று நான் அடுத்த சீட்டைக் கூப்பிட்டிருப்பேன்.

4

ஒத்திகை தொடங்கியது. தையல் வகுப்புப் பெண்களும் பக்கத்து வீட்டுக்காரிகளும் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். நீல மைக் கதை, என் ஒட்டு வேலையோடு, நான்கு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஒருத்தி போனாள், கையெழுத்து இல்லை, திரும்பினாள். சப்பென்று இருந்தது. அனிதாவே, இதில் ஏதோ குறைகிறது, விட்டுவிடலாமா என்று யோசித்தாள். விட்டுவிடு என்று சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது.

அடுத்த ஞாயிறு டப்பாவில் ஒரே ஒரு தாள் இருந்தது. அதே கோடு போட்ட தாள், அதே நீல மை. செம்பூர் வரைக்கும் காத்திருக்காமல் தையல் வகுப்பின் பின்பக்கம் நின்று அனிதா அதை என்னிடம் நீட்டினாள்.

வாசித்தேன். இந்தத் தடவை எழுத்து எழுத்தாக வாசித்தேன்.

"நான் எழுதினதுல ஒரு பக்கம் விட்டுப்போச்சு. கவுண்டர் அக்கா எங்க? என் கதையே அதான். அவங்க கெட்டவங்க இல்ல. கெட்டவங்களா இருந்தா நான் ஊர்ப் பேரச் சொல்லியிருக்க மாட்டேன். என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. புள்ள பொறந்துச்சு. அவன் மேல எனக்குக் கோவம் கெடையாது, உசிரா வளத்தேன், இப்ப காலேஜ் போறான், அவனுக்கு இது தெரியக் கூடாது. அங்கன்வாடி வேலை போச்சு. பதினோரு வருசம் என்னை ஒத்தையில ரேசன் கடைக்குக்கூட விடல. புள்ள வேணுமா வேண்டாமான்னு இல்ல, உனக்கு என்ன வேணும்னு என்னை ஒருத்தரும் கேக்கல. அந்த அக்கா கேப்பாங்கன்னு நெனச்சேன்."

முடித்துவிட்டு, அந்த அக்கா நான்தான் என்று மகளிடம் சொன்னேன். அவள் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தாள். ஸ்கூல் விட்டு வந்து அந்த பெஞ்சில்தானே அவள் வீட்டுப்பாடம் எழுதினாள், அந்த நோட்டு அவளுக்குத் தெரியாதா?

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. புருஷன் கையெழுத்து வேண்டும் என்று யார் சொன்னது என்று கேட்டாள். அச்சடித்த தாளில் அவளுக்கு ஒரு கோடு, அவருக்கு ஒரு கோடு இருந்தது, டாக்டரம்மா கேட்பார், சட்டம் அதுதானே என்றேன். சட்டம் அது இல்லை என்றாள். பதினெட்டு வயது தாண்டியவள் என்றால், டாக்டர் ஒத்துக்கொண்ட பிறகு, அவள் கையெழுத்து ஒன்றே போதுமாம். அன்றைக்கும் அப்படித்தானாம். வந்தவள் பெயரை வெளியே விடக் கூடாது என்பதும் சட்டத்திலேயே இருக்கிறதாம். அந்த இரண்டாவது கோட்டை அந்த நர்சிங் ஹோம் தனக்குத் தானே போட்டுக்கொண்டிருக்கிறது. பதினேழு வருஷம் நான் அந்தக் கோட்டைக் காவல் காத்திருக்கிறேன். படித்தவள் என்று பெயர்.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், வகுப்பில் எல்லார் முன்னாலும் எழுந்து சொல்லிவிடுகிறேன் என்றேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன்.

"சொன்னா என்னாகும் தெரியுமா?" என்றாள் அனிதா. "அந்த அக்கா நீன்னு தெரிஞ்சா, நீ யாரு யாருக்கு போன் போட்டன்னு கேம்ப் முழுக்க யோசிக்கும். கொழுந்தன் யாரு, கல்யாண்ல இருந்தது யாருன்னு ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சிடுவாங்க. அந்தப் பையன் காதுக்குப் போகும். ஒருதடவ அவங்கள காட்டிக் குடுத்தாச்சு. இன்னொரு தடவ வேண்டாம்மா."

பிறகு, அந்தக் கவுண்டர்க்காரியாக யார் நடிப்பது என்று அவளே கேட்டாள். நான் என்றேன். யாரும் தன் கதையை நடிக்கக் கூடாது என்பதுதானே அவள் விதி. அந்த விதி தெரிந்த கூட்டம் என்னைச் சந்தேகப்படாது என்று அவள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். "இது உன் கதை இல்ல, அவங்க கதை" என்று சொல்லிவிட்டுப் பெயரை எழுதிக்கொண்டாள்.

5

கேம்ப்பில் ஒரு மண்டபத்தைக் கேட்டு மனுப் போட்டோம். நாடகம் எதைப் பற்றி என்று எழுத வேண்டிய இடத்தில் பெண்கள் ஆரோக்கியம் என்று எழுதச் சொல்லிவிட்டார்கள். சரி, அதுவும் பொய்யில்லை. தை மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் பாய் விரித்து நூறு பேருக்கு மேல் உட்கார்ந்தார்கள். ஆண்கள் பின்னால் நின்றார்கள்.

அனிதாவின் நாடகத்தில் இன்னொரு பழக்கம் உண்டு. நடுவில் தப்பு நடக்கிறது என்று தோன்றினால் பார்க்கிறவர்கள் கை தூக்கி நிறுத்தலாம். எழுந்து வந்து, இப்படிச் செய்திருக்க வேண்டும் என்று சொல்லலாம். மாத்திரைக் கதையில் நான்கு கை எழுந்தது. மாமியார் கதையில் ஒரு பாட்டி எழுந்து அந்த மாமியாரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு உட்கார்ந்தார். கூட்டம் கைதட்டியது.

எங்கள் முறை வந்தது. அந்தப் பையனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று, கொழுந்தன் வந்து கூட்டிப்போவதோடு கதையை நிறுத்தியிருந்தாள் அனிதா. ஒரு மேஜை, ஒரு பழைய போன். தையல் வகுப்பில் மெஷின் பழகும் சின்னப் பெண் ஒருத்தி முந்தானையை இறுக்கிக்கொண்டு வந்து நின்றாள். எந்தூரு என்று கேட்டேன். அந்தக் குரல் அப்படியே இருந்தது, கூட்டத்தில் சில பேர் சிரித்தார்கள், நம்ம ஆளு என்கிற சிரிப்பு. டீ கொடுத்தேன். வீட்டுக்காரர் கையெழுத்து வேணுமே என்றேன். அவள் தலையைக் குனிந்தாள். நீ கவலப்படாத என்று நோட்டை எடுத்தேன்.

அந்த இடத்தில் அனிதா என்னை நிற்கச் சொல்லியிருந்தாள். ரிசீவரைக் கையில் எடுத்து, நம்பரைச் சுற்றாமல், பத்து எண்ணும்வரை நிற்க வேண்டும். யாராவது நிறுத்துவார்கள்.

நின்றேன். முன் வரிசைப் பெண்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொல்லி உச்சுக்கொட்டினாள், பாவம் எவ்வளவு உதவி செய்கிறாள் என்பதுபோல. பத்து எண்ணினேன். மனசுக்குள், யாராவது கையைத் தூக்குங்கம்மா, போனை வைடி என்று சொல்லுங்கம்மா என்று கெஞ்சினேன். இருபது எண்ணினேன். அனிதா ஓரத்திலிருந்து கண்ணைக் காட்டினாள். ஒரு கைகூட எழவில்லை.

நம்பரைச் சுற்றினேன்.

6

முடிந்ததும் ராஜகனி மைனி வந்தார். கேம்ப்பில் மாவு மில் வைத்திருப்பவர். ஊர் முறையில் எனக்கு அண்ணி, முப்பது வருஷப் பழக்கம். சுற்றிலும் பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மைனி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மில் சத்தத்தில் பேசிப் பழகிய குரல், மண்டபம் முழுக்கக் கேட்கும்.

"மத்தக் கதையெல்லாம் வயித்தக் கலக்கிட்டு. உன் கதைதான் மனசுக்கு எதமா இருந்துச்சு. என்ன நல்ல மனசு அந்தக் கவுண்டர்க்காரிக்கு! டீ வாங்கிக் குடுத்து, வீட்டாளுகளுக்குச் சொல்லி விட்டு, யாரு செய்வா இந்தக் காலத்துல?"

எனக்கு வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. நானும் ஒரு காலத்தில் கவுண்டரில் இருந்தவள் என்பது அடுத்த நிமிஷம் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டால் என்ன செய்வது? ஆனால் பேசாமல் இருந்தால் அந்தப் புகழ்ச்சியை நான் வாங்கிக்கொண்டதாக ஆகிவிடும். பாய் சுருட்டுகிறவர்களில் அந்த நீல மைக்காரியும் இருக்கலாம்.

"இல்ல மைனி," என்றேன், தேவைக்குமேல் சத்தமாகவே. "அவ செய்தது தப்பு. உனக்கு என்ன வேணும்னு அந்தப் புள்ளகிட்ட அவ ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்காம ஒரு பொம்பளைய நாசம் பண்ணிட்டா. அந்தப் புள்ள கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டாலும் தீராது."

மைனி என் கையை விட்டுவிட்டு வேடிக்கையாகப் பார்த்தார். "நாடகந்தானட்டி, அதுக்கு ஏன் இப்படிக் கண்ணக் கசக்குத? பொம்பளகிட்டப் போயி கேக்கதுக்கு என்ன இருக்கு?"

அந்த நாற்காலியில் இருந்தபோது என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

பாய் சுருட்டும் சத்தம் ஒரு நொடி நின்றது. எனக்கு இடது பக்கத்தில், மூன்று நான்கு பேர் இருந்த இடத்தில். யாரோ ஒருத்தி கையை நிறுத்திவிட்டாள். தலையைத் திருப்பினால் யார் என்று தெரிந்துவிடும். வயது தெரிந்துவிடும், முகத்தைப் பார்த்தால் ஊர்கூடத் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தால் போதாதா, என் முகத்தைப் பார்த்து மைனிக்கும் தெரிந்துவிடும்.

நான் திரும்பவில்லை. மைனியின் முகத்தையே பார்த்துக்கொண்டு, மில்லில் இப்போது கூட்டம் எப்படி என்று கேட்டேன். அவர் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். பாய் சுருட்டும் சத்தம் மறுபடி கேட்டது. அந்த மூன்று நான்கு பேரும் ஒவ்வொருவராக எழுந்து, என் பின்னால் நடந்து, வாசலைத் தாண்டிப் போகிறவரை நான் திரும்பவேயில்லை.